டின்னில் எழுதிய தேதி

போன மாதம் ஒரு நாள் காலையிலேயே மைனி (அண்ணனின் மனைவி) ஃபோன் செய்தார். அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்ததில் கெட்ட கொழுப்பு 160-ஐத் தாண்டியிருக்கிறதாம். "மாமாவுக்கு வந்தது இவங்களுக்கும் வந்திரக் கூடாது. நீ இதெல்லாம் படிச்சு வச்சிருக்கியே, எந்த எண்ணெய் வாங்கணும்னு மட்டும் சொல்லு, இன்னைக்கே மாத்திருவோம்" என்றார். குரலில் பயம் தெரிந்தது. எண்ணெயின் பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பயம் அடங்கிவிடும். கடலை எண்ணெய் என்று சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் வடசேரியில் ஒரு டின் வாங்கி அடுப்பங்கரையில் வைத்திருப்பார்.

எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு பெயரை நம்பித்தான் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்தோம். "சாயங்காலம் கூப்பிடுறேன் மைனி" என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவரிடம் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

மணமில்லாத பன்னிரண்டு வருடம்

2012-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். அண்ணன் அப்போது வளைகுடாவில் இருந்தான். அப்பாவும் அம்மையும் தக்கலையில் எங்களோடு இருந்தார்கள், இப்போதும் அப்படித்தான். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டியவை, சேர்க்கலாம் என்று இரண்டு வரிசை. தவிர்க்க வேண்டியதில் முதலாவதே தேங்காய் எண்ணெய். சேர்க்கலாம் என்ற வரிசையில் சூரியகாந்தி எண்ணெய். எவ்வளவு சேர்க்கலாம் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை, அது எங்களுக்கு அப்போது ஒரு குறையாகவும் படவில்லை.

தேங்காய் எண்ணெயை விடு என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்வது என்ன மாதிரி சொல் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். இந்தப் பக்கம் தலைக்குத் தேய்க்கவும் கடுகு தாளிக்கவும் ஒரே குப்பி. சின்ன பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று வரி போடுவதற்காக வருடக்கணக்கில் வழக்கு நடந்து, தலைக்கு என்று சொல்லி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு ஆச்சியின் அலமாரியில் இருந்த அந்த ஒற்றைக் குப்பிதான் நினைவுக்கு வந்தது.

அம்மை மறுநாளே மாற்றிவிட்டார். மீதமிருந்த எண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து லிட்டர் சூரியகாந்தி டின் வாங்கச் சொன்னார். அவியலுக்குக் கடைசியில் பச்சையாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடி வைப்பார்களே, அந்த இடத்தில் மட்டும் அம்மைக்குக் கை ஓடவில்லை. சூரியகாந்தி எண்ணெயை அதில் ஊற்ற மனம் வராமல் ஒன்றும் ஊற்றாமலே இறக்கினார். அப்பா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டுப் போவார். சாளை பொரித்தால் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வார். முன்பு ஆறேழு சாப்பிட்ட மனிதர். குறைவாகச் சாப்பிடுகிறார், நல்லதுதானே என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த எண்ணெயை எவ்வளவு நம்பினோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. நம் நாட்டுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தக்கலையில் இல்லை என்றதும் மார்த்தாண்டம் போய், ஏறிய விலையில் இரண்டு டின் வாங்கி வந்தேன். அப்பாவின் மாத்திரை தீர்ந்துபோனால் எப்படிப் பதறுவேனோ அப்படிப் பதறினேன்.

மாசம் எத்தனை லிட்டர்?

2024 ஜூலையில் வழக்கமான செக்கப்புக்குப் போனோம். அப்பாவை எப்போதும் பார்க்கும் டாக்டர் அன்று இல்லை, வேறொரு பெண் டாக்டர், வயது குறைவுதான். அப்பாவின் எடை கூடியிருந்தது, சர்க்கரையும் எல்லையில் நின்றது. சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், சமையலுக்கு என்ன எண்ணெய் என்றார். அம்மை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூரியகாந்திதான் மக்களே. பன்னிரண்டு வருஷமா மனுஷனுக்கு வேற எண்ணெய் குடுத்தது கிடையாது" என்றார்.

"சரிம்மா. மாசம் எத்தனை லிட்டர் ஆகும்?"

அம்மை என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், டின் வாங்கி வருவது அவர்தான். "அஞ்சு லிட்டர் டின் வாங்குவோம்" என்றார் அவர். "அது எத்தனை நாள் வரும்?" என்று டாக்டர் மறுபடி கேட்டார். எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. தீர்ந்தால் வாங்குவோம், அவ்வளவுதான் தெரியும். டாக்டர் கோபப்படவில்லை, புதிதாக எதுவும் எழுதவும் இல்லை. "அடுத்த தடவ வரும்போது அது மட்டும் தெரிஞ்சிட்டு வாங்க" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. ஆட்டோவில் வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புது டின் திறந்தோம். அப்பாவின் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்து டின்னில் ஒட்டி, பேனாவால் தேதி எழுதினேன். அன்று அம்மையின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டின்னிலிருந்து எண்ணெய் சின்ன எவர்சில்வர் தூக்குக்குப் போகும். தூக்கிலிருந்து நேராகச் சீனிச்சட்டிக்கு, கரண்டி என்று ஒன்று நடுவில் கிடையாது. மணிக்கட்டை ஒரு சாய்ப்பு, ஒரு சுழற்சி. அடிச்சட்டி நிறைந்து ஓரம் வரை மினுங்கும்போது நிமிர்த்துவார். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றை எடுத்து, அம்மை ஊற்றும் முன் அதில் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். பீன்ஸ் துவரனுக்கு மூன்று மூடி, அதாவது 45 மில்லி. மீன் கறிக்குத் தாளிக்க இன்னொரு மூன்று. காலையில் தோசைக்கு, கல்லில் ஊற்றிய பிறகு சுற்றிலும் விடுவதும் திருப்பிப் போட்ட பிறகு விடுவதுமாக 14 தோசைக்கு 70 மில்லி. சாயங்காலம் அப்பளம், ராத்திரி முட்டை. பிளாஸ்திரியில் நான் எழுதிய தேதியிலிருந்து 21-ஆம் நாள் டின் காலி.

21 நாளில் ஐந்து லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 240 மில்லி. இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயையும் சேர்த்தால் 250. அந்த மே மாதம்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டிருந்தன. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று அதில் இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஆறு. வீட்டில் நாங்கள் ஐந்து பேர், பையன் சின்னவன், இருந்தாலும் அவனையும் முழு ஆளாகவே எடுத்துக்கொண்டேன். அப்படியும் 150 மில்லிதான் வருகிறது. நாங்கள் ஊற்றியது 250. மிச்சமுள்ள 100 மில்லியைத் தலைக்குத் தலை பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 160 கலோரிக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று இட்லி. அதுவும் தினமும், யாருக்கும் வயிறு நிறைந்ததாகக்கூடத் தோன்றாமல். கடையில் வாங்கும் சிப்ஸும் ரசவடையும் இந்தக் கணக்கில் இல்லை.

கணக்குப் போட்ட தாளை அம்மையிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "வெளிச்செண்ணெய் கூடிப்போனா கறியே காட்டிக் குடுத்திரும் மக்களே. மணம் தூக்கும், வாயில ஒட்டும். மார்கழியில சட்டிய மூடி வச்சா காலையில மேல வெள்ளையா படிஞ்சு கிடக்கும். இது எவ்வளவு விட்டாலும் ஒண்ணும் தெரியாது."

அது சரிதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ராத்திரி மிஞ்சிய கறியைக் காலையில் திறக்கும்போது எத்தனை எண்ணெய் விட்டோம் என்பது கண்ணுக்கு முன்னால் ஏடு மாதிரி நிற்கும். சூரியகாந்தி எண்ணெய் ஃபிரிட்ஜுக்குள்ளும் தண்ணீர் போலவே கிடக்கும். மணமும் கிடையாது, அது 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி மணத்தை எடுத்துவிட்ட எண்ணெய். கை நிறுத்துவதற்கு நாக்கும் மூக்கும் கொடுத்துவந்த சமிக்ஞை போய்விட்டது. இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் வேறு. கெடுதல் இல்லாத பொருளை யார் அளந்து ஊற்றுவார்கள்?

ஆச்சி எண்ணெய் வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குப்பியின் கழுத்தில் சணல் கயிறு கட்டி என் கையில் கொடுப்பார். கடைக்காரர் நீளக்காம்பு வைத்த அளவையால் தகர டின்னுக்குள்ளிருந்து மொண்டு, புனல் வைத்து ஊற்றுவார். கடைசிச் சொட்டு விழும்வரை அளவையைக் குப்பியின் மேல் பிடித்திருப்பார். நூறு கிராம், மிஞ்சினால் இருநூறு. எட்டுப் பேர் இருந்த வீடு. குப்பி அடியைத் தொடும்போது ஆச்சி கறியில் எண்ணெயைக் குறைத்துவிடுவார், உடனே கடைக்கு அனுப்ப மாட்டார்.

ஊர்ப்பாசமும் ஆய்வும்

இந்தக் கதையைக் கேட்ட சொந்தக்காரர்கள் சிலர், "அப்பவே சொன்னேன், தேங்காய் எண்ணெய்தான் மருந்து, நம்ம தாத்தா எல்லாம் அதச் சாப்பிட்டுத்தான் தொண்ணூறு வயசு இருந்தாங்க" என்று ஆரம்பித்தார்கள். எனக்கும் தேங்காய் எண்ணெயைப் பிடிக்கும். என் ஊர் எண்ணெய், எங்கள் வீட்டைச் சுற்றி நிற்கிற மரத்தின் எண்ணெய். அதனாலேயே அதைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. கடலை எண்ணெயில் அது 20 சதவீதத்துக்குள், நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி, சூரியகாந்தியில் அதற்கும் கீழே. தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், அது நல்ல கொழுப்பையும் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கெட்ட கொழுப்பையும் கூட்டுகிறது. 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஓர் அலசலில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 10 மில்லிகிராம் கூடியிருந்தது, நல்ல கொழுப்பு 4 கூடியிருந்தது. அமெரிக்க இதய சங்கம் 2017-லேயே இதை வேண்டாம் என்றுவிட்டது. இன்னொரு பக்கம், நமக்குப் பக்கத்தில் கொச்சியில் 200 இதய நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு வருடம் ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றதற்குச் சூரியகாந்தியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாட்ஸப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திதான். அவர்கள் எல்லோரும் இதயத்துக்கான மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ற பாதி அதில் வராது.

இதையெல்லாம் படித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். தேங்காய் எண்ணெய் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. மாத்திரை எடுக்கும் இதய நோயாளிக்கு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயால் உலகம் இடிந்துவிடாது. ஆனால் அண்ணன் மாதிரி, கெட்ட கொழுப்பு கூடியும் இன்னும் எதையும் தொடங்காத ஒருவர் வீட்டில் முழுச் சமையலும் அதில் நடப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். மரச்செக்கில் ஆட்டினால் இது மாறிவிடும் என்பதும் தவறு. செக்கில் ஆட்டினால் மணமும் சில நல்ல சத்துகளும் தங்கும், அதற்காக வாங்கலாம். அந்த 90 சதவீதம் அப்படியேதான் இருக்கும், கிராமுக்கு 9 கலோரியும் அப்படியே. சூரியகாந்தி டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் அம்மை அவ்வளவு நிம்மதியாக இருந்தார். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது.

தாத்தாக்களின் ஆயுளைப் பற்றி: என் தாத்தா தினமும் வயலுக்கு நடந்து போய் நடந்து வந்தவர். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, சாளைக் கறி, கஞ்சி. பொரித்த பலகாரம் என்றால் விசேஷத்துக்குச் சுடுகிற முந்திரிக்கொத்து. அந்த ஆயுளில் எவ்வளவு எண்ணெயால் வந்தது, எவ்வளவு குப்பியின் சின்ன அளவால் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அவருடைய எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருடைய வயதை எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேங்காயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணெயை நிறுத்திய அந்தப் பன்னிரண்டு வருடமும் தீயலுக்கு வறுத்தரைத்தோம், புளிசேரிக்கு அரைத்தோம், துவரனுக்குத் துருவினோம். தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தீயலுக்கு அம்மியில் அரைக்கும்போது கல்லின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்குமே, அது எண்ணெய்தானே.

சட்டியில் மிஞ்சுவது

எண்ணெயின் பெயரை விட எனக்கு அதிகப் பயம் தந்தது பொரித்து மிஞ்சிய எண்ணெய். அதற்கென்று எங்கள் அடுப்பங்கரையில் வடிகட்டி வைத்த இன்னொரு தூக்கு இருந்தது. சாளை பொரித்தது, அப்பளம் பொரித்தது, ஏத்தங்காய் பொரித்தது எல்லாம் அதில் சேரும். அடுத்த தடவை பொரிக்க முதலில் அதுதான் போகும், குறைந்தால் மேலே புதியது. ஒரு நாள் அந்தத் தூக்கைக் கழுவ எடுத்தேன். அடியில் தேன் மாதிரிக் கெட்டியாக, விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாத ஒரு பிசின். உள்ளே விரலைவிட்டுச் சுரண்டிப் பார்த்தபோதுதான் இது பொரித்ததோடு சேர்ந்து எங்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது என்று உறைத்தது.

சூரியகாந்தி போல மிகவும் நிறைவுறாத கொழுப்புள்ள எண்ணெய்கள் திரும்பத் திரும்பச் சூடானால் சீக்கிரம் உடைந்துபோகும். அந்த வகையில் தேங்காய் எண்ணெய் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சிப்ஸ் கடைகளில் அதில் பொரித்தால் சரக்கு நாள்பட நிற்கிறது. ஆனால் அதுவும் நாள் முழுக்கக் கொதித்தால் கெடும். பொரிக்கும் எண்ணெயில் கெட்டுப்போனதால் உண்டாகும் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே வருடம் வந்தது. நம் பேருந்து நிலையங்களுக்குப் பக்கத்தில் பழ பஜ்ஜி போடும் சின்னக் கடைகளுக்குப் பதிவேடு கிடையாது. அங்கே நம் கண்தான் அளவு. சட்டியில் நுரை அடங்காமல் நின்றால், அடுப்பைக் கூட்டியதுமே புகைந்தால், எண்ணெய் நிறம் கட்டன்சாயா மாதிரி இருந்தால், நான் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வீட்டில் அந்தத் தூக்கையே எடுத்துவிட்டோம். பொரிப்பதற்குச் சின்ன இரும்புச் சட்டி, அதில் பொரிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய். மிஞ்சினால் மறுநாள் தாளிக்க ஒரு தடவை, அப்புறம் கிடையாது. சாளையைப் பெரும்பாலும் கறியாகவே வைக்கிறோம். அந்த மீனிலேயே இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது, அதைக் கொண்டுபோய் இன்னொரு எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டிய தேவை வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில்

தாளிக்கவும் துவரனுக்கும் தோசைக்கும் கடலை எண்ணெய். புளிக்கறிக்கும் பொடிக்கும் நல்லெண்ணெய். அவியலுக்கும் தீயலுக்கும் கடைசியில் ஒரே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், பச்சையாக. முதல் தடவை அப்படி அவியல் இறக்கிய அன்று அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அம்மை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். சமையலுக்கு மணம் வேண்டும் என்றால் ஐந்து பேருக்கு அந்த ஒரு ஸ்பூன் போதுமாக இருந்திருக்கிறது, அதைத்தான் பன்னிரண்டு வருடம் மறுத்தோம்.

மாதம் இப்போது எல்லாம் சேர்ந்து நான்கரை லிட்டருக்குள் வருகிறது, ஓணம் கிறிஸ்துமஸ் மாதங்களில் கூடும். அப்பாவின் எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. மாத்திரைகள் எல்லாம் அப்படியே ஓடுகின்றன. எண்ணெயை மாற்றினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு வீட்டுத் தேங்காயைத்தான் வெட்டிக் காயப்போடுகிறோம். 75 தேங்காய்க்குப் பத்துக் கிலோ கொப்பரை, அதை ஆட்டினால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட எண்ணெய். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் வாங்குபவர்களுக்கும் உதவும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். அன்றைய கொப்பரை விலையை ஒன்றரையால் பெருக்கி வருவதை விடக் குறைந்த விலையில் 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்று யாராவது விற்றால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது. 2025-இல் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது அப்படி நிறையக் குப்பிகள் நடமாடின. ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தம் என்பார்கள், அதையும் முழுதாக நம்ப முடியாது, செம்பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அதே மாதிரி உறையும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. எங்களுக்குத் தேங்காய் மரம் இருக்கிறது, கடலை எண்ணெய் வாங்கக் காசு இருக்கிறது. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டை நம்பிச் சமைக்கும் வீடுகளுக்கு, செக்கு எண்ணெய் வாங்குங்கள் என்று சொல்வது பேச்சே இல்லை. பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயை விடக் குறைவுதான், கடலையை விட அதிகம். அந்த வீட்டுக்கும் அளவு என்ற வழி திறந்திருக்கிறது. பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று எழுதி வைக்கக் காசு வேண்டாம். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் இதைத்தான் சொன்னேன், அவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மைனியைக் கூப்பிட்டு, "இப்ப இருக்கிற டின்னையே வச்சுக்கோங்க மைனி, எதையும் மாத்தாண்டாம். புதுசு திறக்கும்போது அதுல தேதி மட்டும் எழுதுங்க. அண்ணன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்போ அதையும் சொல்லணும்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார், ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். பொரித்த எண்ணெயைச் சேர்த்து வைக்கிறீர்களா என்று கேட்டேன். மைனி பதில் சொல்லவில்லை, பாத்திரம் ஒன்றை எடுக்கும் சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது.

முந்தாநாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஐந்து லிட்டர் டின், மேலே மார்க்கரில் 4 என்று தேதி, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் தீர்ந்த தேதி 19. வீட்டில் நான்கே பேர். கீழே வேறொன்றும் எழுதவில்லை. நான் உடனே ஃபோன் செய்தேன். எடுத்ததும், "அந்த இருமல் மருந்து மூடி எத்தன மில்லின்னு சொன்ன?" என்று கேட்டார்.